பச்சை குத்திய கையும் நாம் நடத்திய பாடமும்



பெருநாள் நெருங்கிவிட்டால் நமது மதரஸாவின் பெண்பிள்ளைகள் மருதாணியைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவர். கோனில் அடைத்து விற்பதை இடலாமா, இட்ட கையோடு ஒளுச் செய்தால் கூடுமா, கையில் ஒட்டிக்கொள்ளும் படங்கள் ஹராமா, கல்லூரித் தோழிகள் பச்சை குத்திக்கொள்கிறார்களே அது ஏன் ஆகாது என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு விளக்கம் எழுதித் தருமாறு சில தாய்மார்கள் கேட்டுக்கொண்டனர். எழுத அமர்ந்தபோது, இந்த விஷயத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நாம் செய்த தவறொன்றை மறைத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் எழுதிக்கொடுக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறோம்.

இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்று, நமதூரில் மாலை வேளையில் சிறுமிகளுக்கும் லுஹருக்குப் பின் ஒரு மணி நேரம் மூத்த பெண்களுக்கும் ஓதிக்கொடுத்து வருகிறோம். ஷஃபான் மாதத்து மாலை ஒன்றில், முன்பு நம்மிடம் ஓதி, இப்போது வெளியூரில் கல்லூரியில் படிக்கும் பெண்ணொருத்தி சலாம் சொல்லிப் போக வந்தாள். அவளது மணிக்கட்டில் ஒரு பட்டாம்பூச்சி தெரிந்தது. அது தண்ணீர் தொட்டு ஒட்டும் படம். இரண்டு நாளில் உரிந்துவிட்டதாகப் பின்னர் அறிந்தோம். ஆனால் அன்று நாம் விசாரிக்கவில்லை. பச்சை குத்திக்கொண்டு வந்து நிற்கிறாள் என்றே முடிவு செய்தோம். சரி, அவளிடமாவது நேரில் கேட்டோமா என்றால் அதுவும் இல்லை. சிரித்த முகத்தோடு வழியனுப்பிவிட்டு, உள்ளே வந்து, அன்றைக்குரிய தஜ்வீது பாடத்தை மூடிவைத்து, பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளுக்குப் பச்சை குத்துதல் பற்றிய நபிமொழியை நடத்தினோம். பாடம் நடத்தியது நமது அறிவன்று, நமது கோபம்.

அந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றது. பச்சை குத்திவிடும் பெண்களும், குத்திக்கொள்ளும் பெண்களும், புருவ முடியைக் களைபவர்களும், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்பவர்களும் அதில் சபிக்கப்படுகின்றனர். இதை அறிவித்த இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் உம்மு யஃகூப் என்ற பெண்மணி வந்து, குர்ஆனை முதலிலிருந்து இறுதிவரை ஓதியிருக்கிறேன், அதில் இதைக் காணவில்லையே என்று வாதிட்டதும், உங்கள் வீட்டிலேயே இது நடக்கிறது போலும் என்று ஐயுற்றதும், போய்ப் பார்த்துக்கொள் என்று அவர்கள் சொல்ல, உள்ளே சென்று பார்த்து ஒன்றும் இல்லாமல் திரும்பியதும் அந்த அறிவிப்பிலேயே வருகின்றன. கேள்வி கேட்ட ஒரு பெண்ணின் பெயர் ஹதீஸ் நூலில் நிலைத்திருப்பதைச் சிறுமிகளுக்குச் சொல்வது நமக்கு எப்போதும் விருப்பமான செயல். அன்று அதைச் சொல்லவில்லை. சாபம் என்ற சொல்லை மட்டும் ஐந்தாறு முறை, குரலை உயர்த்திச் சொன்னோம்.

மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த பதினொரு வயதுச் சிறுமி அன்று எதுவும் கேட்கவில்லை.

அச்சிறுமியின் தந்தை இளமையில் இஸ்லாத்தைத் தழுவியவர். அவருடைய தாயார் கணவரை இழந்தபின் காவிரிக் கரைக் கிராமத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து, பல ஆண்டுகள் தம் வழியிலேயே இருந்து, எவரும் வற்புறுத்தாமல், அறுபத்தைந்தைக் கடந்த வயதில் கலிமாச் சொன்னார். பேத்தி இன்றும் அவரை அப்பாயி என்றே அழைக்கிறாள். மூத்த பெண்களின் வகுப்பில் அவர்தாம் எல்லோருக்கும் முந்தி வருவார். ஒருநாளும் எழுத்துப் படித்திராத கண்களுக்கு அலிஃபும் பாவும் பிடிபட எட்டு மாதமாயிற்று. சூராக்களைக் காதால் கேட்டே மனனம் செய்தார். கோடையிலும் முழங்கையைக் கடந்து மணிக்கட்டுவரை நீண்ட சட்டை அணிந்திருப்பார். நாம் அதைப் பேணுதல் என்று எண்ணி மெச்சியதுண்டு.

பாடம் நடந்த மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் மருமகள் வந்து, "உஸ்தாபி, மாமிக்குக் கையெல்லாம் வெந்துபோச்சு" என்றார்.

நடந்தது இது. அன்றிரவு பேத்தி அப்பாயியின் அருகில் படுத்துக்கொண்டு, அவர் கையைத் தடவியபடி, "அப்பாயி, இது இருந்தா அல்லாஹ்வோட சாபம்னு உஸ்தாபி சொன்னாங்க, நீங்க தொழுதாலும் கூடாதாமா?" என்று அழுதிருக்கிறாள். தொழுகை கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு குழந்தை அப்படி விளங்கிக்கொள்ளுமாறு சொல்லியிருந்தோம். அந்த அம்மா எல்லோரும் உறங்கியபின் எழுந்து, வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து முன்கை முழுதும் பூசி, காய்ந்ததும் செங்கல் துண்டால் தேய்த்திருக்கிறார். இரண்டு இரவுகள் இவ்வாறு செய்திருக்கிறார். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டபின்தான் மகன் பார்த்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்.

நாம் சென்றபோது திண்ணையில் கையைத் தலையணைமேல் வைத்து அமர்ந்திருந்தார். நம்மைக் கண்டதும் எழ முயன்றார். அவர் முதலில் கேட்டது, கட்டுப்போட்ட கையோடு எப்படி ஒளுச் செய்வது என்பதைத்தான். நல்ல பகுதியைக் கழுவி, கட்டின்மீது ஈரக்கையால் தடவி, நம் மத்ஹபின்படி அத்தோடு தயம்மும் செய்துகொள்ளுமாறு சொல்லிக்கொடுத்தோம். சட்டம் சொல்ல நாவு எழுந்தது. மன்னிப்புக் கேட்க எழவில்லை. அதற்கு நெடுநேரம் பிடித்தது.

பிறகு அவரே பேசினார். கட்டுக்கு வெளியே, முழங்கைக்குக் கீழே, சுண்ணாம்பு எட்டாத இடத்தில் சில புள்ளிகளும் ஒரு கோட்டின் வளைவும் மிஞ்சியிருந்தன. அது கோலம் என்றார். பத்து வயதிருக்கும்போது ஊர்த் திருவிழாவுக்குக் குறத்தி வந்தாராம். மஞ்சளையும் அகத்திக்கீரையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படிந்த கரியைச் சுரண்டிக் குழைத்துத்தான் அந்த மை. ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துகையில் அழாதிருக்கக் குறத்தி பாட்டுப் பாடினாராம். கூலி இரண்டு படி நெல். அந்த நெல்லுக்காக அவருடைய தாய் ஒரு வாரம் கூடுதலாக நடவுக்குப் போனாராம். "செத்தா நகை வராது, சீலை வராது, பச்சை மட்டுந்தான் கூட வரும்னு எங்க ஆத்தா சொல்லிச்சு" என்றார். தாயின் புகைப்படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. தாய் விட்டுப்போனதென்று அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

பின்னர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நான் மவுத்தானா, குளிப்பாட்டுற பொம்பளைங்க கையைப் பார்த்துட்டு என்ன சொல்லுவாங்க, உஸ்தாபி?"

நமதூரில் மய்யித்துக் குளிப்பாட்டும் பெண்களில் நாமும் ஒருவர். அவர் அதை அறிந்தே கேட்டார். அன்று நம்மால் முழுமையாக விடைகூற இயலவில்லை. பார்த்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து, பட்டயப் படிப்புக் காலத்துக் குறிப்பேடுகளை எடுத்தோம். மூத்த ஆலிம் ஒருவரிடமும் தொலைபேசியில் பேசினோம். சட்டம் நாம் அறியாததன்று. மறந்திருந்தோம், அல்லது அன்று கோபத்தில் நமக்கு அது தேவைப்படவில்லை. ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் இதைத் தெளிவாகப் பேசுகின்றன. ஊசி குத்தும்போது வெளிப்படும் இரத்தத்தோடு மை கலந்து தோலுக்குள் தங்குவதால் அவ்விடம் அசுத்தமாகிறது என்பதும், பருவமடைந்த ஒருவர் தாமே விரும்பிக் குத்திக்கொண்டு, பெருந்தீங்கின்றி அகற்ற இயலுமானால் அகற்றவேண்டும் என்பதும் அவற்றின் நிலைப்பாடு. தீங்கு நேருமென்று அஞ்சினால் அகற்றத் தேவையில்லை, தவ்பா போதும். சிறுவயதில் பிறரால் குத்தப்பட்டதாயின் குற்றமுமில்லை, அகற்றும் கடமையுமில்லை, தொழுகையும் கூடும். ஹனஃபி மத்ஹபில் மேலே கழுவிவிட்டாலே சுத்தமாகிவிடும் என்று இன்னும் எளிதாகவே சொல்லப்பட்டுள்ளது. மை தோலுக்கு அடியில் இருப்பதால் ஒளுவின் நீர் தோலை அடைவதை அது தடுப்பதுமில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, இஸ்லாம் தனக்கு முன்னிருந்தவற்றை அழித்துவிடுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குச் சொன்ன செய்தி இருக்கிறது. அதை நம் பிள்ளைகள் மனனமே செய்திருந்தனர்!

ஆனால் நம்மை உலுக்கியது இன்னொரு செய்தி. கைஸ் இப்னு அபீ ஹாஸிம் என்ற தாபிஈ, நோயுற்றிருந்த அபூபக்ர் (ரலி) அவர்களைக் காணச் சென்றபோது, அருகில் ஒரு பெண்மணி அமர்ந்து ஈயோட்டிக்கொண்டிருந்ததையும், அவருடைய கைகளில் பச்சை குத்தியிருந்ததையும் கண்டதாக அறிவிக்கிறார். அப்பெண்மணி அபூபக்ர் (ரலி) அவர்களின் மனைவியான அஸ்மா பின்த் உமைஸ் (ரலி). அபிசீனியாவுக்கும் மதீனாவுக்கும் ஹிஜ்ரத் செய்த ஸஹாபிப் பெண்மணி. தடை வருமுன் குத்தப்பட்டதாயிருக்கும் என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். அபூபக்ர் (ரலி) அவர்கள் தம்மைக் குளிப்பாட்டும்படி வஸிய்யத் செய்திருந்தது இதே அஸ்மாவுக்குத்தான். அவர்களுடைய மய்யித்தைக் குளிப்பாட்டியவை பச்சை குத்திய அந்தக் கைகளே.

மறுநாள் அஸருக்குப் பின் அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பேத்தியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, இதைச் சொன்னோம். சிறுமியின் முன்னிலையில், உஸ்தாபி பாதியைத்தான் சொன்னேன், மீதியைச் சொல்லாமல் விட்டது உஸ்தாபியின் தவறு என்றும் சொன்னோம். அந்த அம்மா அஸ்மா (ரலி) அவர்களின் பெயரை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மய்யித்தைத் தொடர்ந்து செல்பவை மூன்று, அவற்றில் குடும்பமும் பொருளும் திரும்பிவிடும், செயல் மட்டுமே உடன் தங்கும் என்ற ஹதீஸையும் விளக்கினோம். "அப்ப பச்சை வராதா?" என்று கேட்டார். வராது என்றோம். சற்று நேரம் பேசாமலிருந்தார். அது ஆறுதலா, வருத்தமா என்று நமக்கு விளங்கவில்லை. நாம் கேட்கவுமில்லை.

மகன், லேசர் கொண்டு அழித்துவிடலாமா என்று கேட்டார். தோல் மருத்துவரிடம் விசாரித்திருந்தாராம்: ஒரே தடவையில் முடியாது, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பலமுறை செல்லவேண்டும், வலியுண்டு, செலவும் உண்டு. மார்க்கம் கடமையாக்காத ஒன்றுக்காக எழுபதை நெருங்கும் தாயை வருத்தவேண்டாம் என்று சொன்னோம். மொராக்கோ, அல்ஜீரியா மலைநாடுகளில் அமாஸிக் இனத்து மூதாட்டிகள் பலருக்கு நெற்றியிலும் மோவாயிலும் பச்சைக் கோடுகள் உண்டு. தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்கள் அவர்கள். அந்த முகங்களோடே அவர்கள் ஸஜ்தாச் செய்கிறார்கள்.

இனி, கேட்ட கேள்விகளுக்கு வருவோம்.

மருதாணி ஆகும், பச்சை ஆகாது என்றால் இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்று இளம்பெண்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது; இரண்டுமே அலங்காரம்தானே என்று தோன்றும். மருதாணியில் உள்ள லாசோன் என்னும் சாயப்பொருள் தோலின் மேலடுக்கில் உள்ள இறந்த செல்களில் மட்டுமே பற்றுகிறது. அவ்வடுக்கு உதிர உதிர இரண்டு மூன்று வாரத்தில் நிறமும் போய்விடும். பச்சையோ ஊசியால் மேல்தோலைக் கிழித்து உள்தோலில் இறங்குவது. உடலின் காவல் செல்கள் அந்த மையை விழுங்கி அங்கேயே வைத்துக்கொள்கின்றன. ஆயுள் முழுதும் போவதில்லை. படைப்பை மாற்றுதல், தேவையின்றி உடலைப் புண்படுத்துதல் என்று அறிஞர்கள் சொல்லும் காரணங்கள் இரண்டாவதற்கே பொருந்துகின்றன. என் உடல், என் விருப்பம், என்னை நான் வெளிப்படுத்திக்கொள்கிறேன் என்று இன்றைய பிள்ளைகள் சொல்வது நமக்குக் கேட்காமலில்லை. இந்த உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதே நம் விடை. ஆனால் அதைச் சொல்லுமுன், அவள் எதை வெளிப்படுத்த விரும்புகிறாள் என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது என்று இப்போது எண்ணுகிறோம். அந்தப் பட்டாம்பூச்சிப் பெண்ணிடம் பின்னொரு நாள் கேட்டோம். விடுதித் தோழிகள் எல்லோரும் ஒட்டிக்கொண்டார்கள், தனித்து நிற்க வெட்கமாயிருந்தது என்றாள். அவ்வளவுதான்.

ஒட்டுப்படங்களைப் பொறுத்தவரை, உயிரினங்களின் உருவமோ பிற சமயச் சின்னமோ இல்லாமல், பெண்கள் தமக்குள்ளும் மஹ்ரமானவர்கள் முன்னிலையிலும் காட்டும் அலங்காரமாக இருந்தால் பச்சையின் சட்டம் அதற்கு இல்லை. ஆனால் அது தோலின்மேல் ஓர் ஏடாக ஒட்டியிருப்பதால் நீர் உட்செல்லாது. ஒளுவுக்கும் கடமையான குளிப்புக்கும் முன் உரித்துவிடவேண்டும். நகப்பூச்சுக்கும் இதே சட்டம்தான். மருதாணியின் நிறம் தடையன்று. காய்ந்த விழுது ஒட்டியிருந்தால் அது தடை. சில உடனடிக் கோன்கள் நிறம் பிடிப்பதற்குப் பதிலாகச் சவ்வுபோல் படிந்து, நாலைந்து நாளில் செதில் செதிலாக உரிகின்றன. அத்தகையவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

கறுப்பு மருதாணி என்று விற்பதை எந்நிலையிலும் வாங்காதீர்கள். மருதாணி இலை செம்மஞ்சளிலிருந்து பழுப்புச் சிவப்புவரைதான் நிறம் தரும், கறுப்புத் தராது. கறுப்புக்காகத் தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற இரசாயனத்தைக் கலக்கிறார்கள். நம் மாணவி ஒருத்திக்குப் பெருநாளன்று காலையில், இட்ட பூக்கொடியின் வடிவத்திலேயே கொப்புளம் எழுந்தது. அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பின்னாளில் தலைச்சாயம் பட்டாலும் மீண்டும் கிளம்பக்கூடும். சோஜத்திலிருந்து வரும் நல்ல பொடி கடைகளில் கிடைக்கிறது. அதைவிட, கொல்லையில் ஒரு செடி இருந்தால் வேறெதுவும் வேண்டியதில்லை.

சிறுவர்களும் கையை நீட்டுகிறார்களே என்று சில தாய்மார்கள் கேட்டிருந்தனர். தேவையின்றி ஆண்கள் கைகால்களுக்கு மருதாணியிடுவதை நம் மத்ஹப் தடுக்கிறது. தாடிக்கும் தலைக்கும் இடலாம். புண்ணுக்கு மருந்தாக இடுவது வேறு. நபி (ஸல்) அவர்களுக்குக் காயமோ முள்தைத்த வலியோ ஏற்பட்டால் மருதாணி வைக்கச் சொல்வார்கள் என்று அவர்களின் பணிப்பெண் ஸல்மா (ரலி) அறிவித்திருக்கிறார்.

நம் சிறுவயதில் இத்தனை கேள்விகள் இருந்ததில்லை. நோன்பு இருபத்தொன்பதன்று அஸருக்குப் பின் உம்மா அம்மியில் அமர்ந்துவிடுவார். இலையோடு கொட்டைப்பாக்கும் சிறிது புளியும் சேர்த்து, தேயிலைத் தண்ணீர் தெளித்து, கண்ணில் எரிச்சல் வரும்வரை அரைப்பார். பூவும் கொடியும் அன்று கிடையாது. உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் புள்ளிகள், விரல்நுனிகளில் தொப்பி. ஊரிலுள்ள எல்லாக் கைகளிலும் அதே வட்டந்தான். பிறை தெரியவில்லை என்று செய்தி வந்தால், இட்டதைக் கழுவவா வைத்திருக்கவா என்று வீட்டுக்கு வீடு வழக்கு நடக்கும். 2024இல் 16 அரபு நாடுகள் கூடி மருதாணி வழக்கங்களை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததைச் செய்தியில் படித்தபோது, நமக்கு அந்த அம்மிதான் நினைவுக்கு வந்தது.

அந்த அம்மாவின் கை ஆறிற்று. புண் ஆறிய இடத்தில் தோல் வெளுத்து, கோலத்தின் பாதி மங்கி, பாதி அப்படியே நிற்கிறது. ரமளான் பத்தாம் நாள் வகுப்புக்குத் திரும்பினார். மூத்த பெண்களின் வகுப்பில் நாம் அஸ்மா (ரலி) அவர்களின் வரலாற்றை முழுவதுமாக நடத்தினோம். யாருக்காக என்று சொல்லவில்லை. மய்யித்துக் குளிப்பாட்டும் பெண்களிடம், கண்டதை வெளியில் சொல்லாதிருக்கும் ஒழுக்கத்தைப் பற்றித் தனியே பேசினோம். அவர் கேட்டதற்கு நாம் கொடுக்க முடிந்த உறுதி அது. அதன்பின் ஒருநாள் அவர், அப்படியொரு நாள் வந்தால் உஸ்தாபி கட்டாயம் வரவேண்டும் என்று மட்டும் சொன்னார். முந்தியவர் யாரென்று அல்லாஹ்வே அறிவான், நான் முந்தினால் நீங்கள் வாருங்கள் என்றோம். சிரித்தார்.

இப்போதும் கோடையில் நீண்ட கைச்சட்டைதான். ஒளுச் செய்யும்போது மட்டும், மற்றப் பெண்கள் இருந்தாலும், சட்டையை முழங்கைக்கு மேல் ஏற்றிக் கழுவுகிறார். பேத்திதான் வீட்டில் அவருக்கு ஓதிக்கொடுக்கிறாள். சென்ற வாரம் சூரா ஃபீலை முடித்துவிட்டார்கள். லிஈலாஃபில் "ரிஹ்லத்" என்ற சொல்லில் நாவு இன்னும் தடுமாறுகிறது.